கட்டும் அவிழ்ப்பும்: மரக்காணக் கரையில் பலபடிக் கூட்டுப்பொருள்கள்

நெய்தல் நிலத்தின் செல்வங்கள் இரண்டு. ஒன்று மீன், மற்றொன்று உப்பு. இவ்விரண்டும் ஒருங்கே கிடைக்கும் ஊர்களுள் மரக்காணம் குறிப்பிடத்தக்கது. சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே புதுச்சேரி நோக்கிச் செல்வோர், விழுப்புரம் மாவட்டத்துள் நுழைந்த சிறிது தொலைவில், பாத்தி பாத்தியாகப் பரந்து கிடக்கும் உப்பளங்களையும் அவற்றின் வரப்புகளில் வெண்மணற் குன்றுபோல் குவிந்திருக்கும் உப்பையும் காண்பர். சிறுபாணாற்றுப்படை போற்றும் ஓய்மானாட்டு எயிற்பட்டினம் இவ்வூரே என்பது அறிஞர் பலர் கொண்ட கருத்து. அவ்வாறாயின், பாணர் நடந்த வழியிலேயே இன்று நாம் பேருந்தில் செல்கிறோம் எனலாம்.

ஆயினும் அப்பாணர் கண்டிராத சில பொருள்கள் இன்று அக்கரையில் நிறைந்துள்ளன. மணலில் ஏற்றி வைக்கப்பட்டிருக்கும் படகுகள் மரத்தால் ஆனவை அல்ல. உப்புக் குவியலை மழையிலிருந்து காக்கப் பனையோலைக் கீற்றுக்குப் பதில் தார்ப்பாய் போர்த்தப்படுகிறது. உப்பு சுமக்கும் கூடையும், நீர் இறைக்கும் குழாயும், மீன் பிடிக்கும் வலையும் பிளாஸ்டிக்கே. மக்கள் இவற்றையெல்லாம் 'ஃபைபர்' என்றும் 'பிளாஸ்டிக்' என்றும் பொதுவாகச் சொல்லிவிடுவர். அறிவியலார் இவற்றைப் பலபடிகள் என்றும், பலபடிக் கூட்டுப்பொருள்கள் என்றும் வகைப்படுத்துவர்.

தமிழ்த்துறை மலரில் வேதியியலுக்கு என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். நெய்தல் நிலத்தின் கருப்பொருள்களைப் பாட்டில் மட்டும் பயின்று, அந்நிலத்து மக்கள் இன்று கையாளும் பொருள்களை அறியாதிருப்பது முழுமையான தமிழ்க்கல்வி ஆகாது என்பதே நம் விடை. இப்பொருள்களின் இயல்பு யாது, இவற்றின் வலிமை எங்கிருந்து வருகிறது, இவற்றைப் பற்றிய ஆராய்ச்சி இன்று எதிர்கொள்ளும் வினா யாது என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

உப்பிலிருந்து பலபடிக்கு

பூ ஒவ்வொன்றாகக் கோத்து மாலை ஆவதுபோல, சிறிய மூலக்கூறுகள் நூற்றுக்கணக்கிலும் ஆயிரக்கணக்கிலும் ஒன்றோடொன்று பிணைந்து நீண்ட தொடராவதே பலபடி. பருத்தியும் பனைநாரும் மரமும் பட்டும் இயற்கை தந்த பலபடிகள். இத்தகைய நெடுந்தொடர் மூலக்கூறுகள் உண்மையில் உள்ளன என்பதை 1920-இல் செர்மானிய அறிஞர் ஹெர்மன் ஸ்டாடிங்கர் எடுத்துரைத்தபோது உடன் பயின்றோர் பலரே ஏற்க மறுத்தனர். அவர் கொள்கை உண்மையென நிலைபெற்று, 1953-இல் அவருக்கு நோபெல் பரிசு வழங்கப்பெற்றது.

பலபடிகளில் இருவகை உண்டு. ஒருவகை, சூடாக்கினால் இளகும், ஆறினால் இறுகும், மீண்டும் சூடாக்கினால் மீண்டும் இளகும். வெல்லப்பாகும் மெழுகும் இவ்வாறு நடப்பதை வீட்டில் காண்கிறோம். தார்ப்பாயும், கூடையும், குழாயும் இவ்வினத்தவை. இவற்றை இளகும் பிளாஸ்டிக் என்பர். மற்றொரு வகை, ஒருமுறை இறுகிவிட்டால் பின் எவ்வளவு சூடாக்கினும் இளகாது, கருகுமேயன்றி உருகாது. பச்சை மண்ணைப் பிசைந்து எவ்வுருவும் ஆக்கலாம். சூளையில் சுட்ட பானையை மீண்டும் பிசைய இயலுமோ? அதுபோன்றதே இவ்வினம். இதில் தொடர்களுக்கிடையே குறுக்குப் பிணைப்புகள் தோன்றி, பொருள் முழுவதும் ஒரே வலையாகிவிடுகிறது. இதனை இறுகும் பிளாஸ்டிக் என்பர். மரக்காணத்துப் படகு இவ்வினத்தைச் சேர்ந்தது. இந்த ஒரு வேறுபாட்டை வாசகர் நினைவில் இருத்த வேண்டுகிறோம். கட்டுரையின் இறுதிவரை இது துணைவரும்.

உப்புக்கும் பலபடிக்கும் நேரடி உறவும் உண்டு. உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் குளோரினும் காஸ்டிக் சோடாவும் கிடைக்கின்றன. அந்தக் குளோரினைக் கொண்டே நாம் பி.வி.சி. என வழங்கும் குழாய்ப் பொருள் ஆக்கப்படுகிறது. பி.வி.சி.யின் எடையில் நூற்றுக்கு ஏறத்தாழ 57 பங்கு குளோரினே. வீட்டுச் சுவரில் ஓடும் பி.வி.சி. குழாயில் பாதிக்கு மேல் உப்பின் கூறு இருக்கிறது என்றால் அது மிகையன்று.

கூட்டுப்பொருள் என்பது யாது?

நம் சமையலில் கூட்டு என ஒன்று உண்டு. பருப்பும் காயும் சேர்ந்து ஒரே உணவாகின்றன. ஆயினும் பருப்பு பருப்பாகவும் காய் காயாகவும் இருக்கின்றன. கூட்டுப்பொருளும் அத்தகையதே. இரு பொருள்கள் தத்தம் இயல்பை இழக்காமல் சேர்ந்து, தனித்தனியே இல்லாத ஒரு பண்பைத் தருகின்றன. மண்ணோடு வைக்கோலைச் சேர்த்துச் சுவர் எழுப்பிய நம் முன்னோர் இவ்வுண்மையை அறிந்திருந்தனர். மண் அழுத்தத்தைத் தாங்கியது; வைக்கோல் வெடிப்பைத் தடுத்தது.

இன்றைய படகில் வைக்கோலின் இடத்தில் கண்ணாடி இழையும், மண்ணின் இடத்தில் பாலியெஸ்டர் பிசினும் உள்ளன. கைதவறினால் உடையும் கண்ணாடி எவ்வாறு படகைத் தாங்கும் என்று ஐயுறலாம். அதற்கு 1921-இல் ஆங்கில அறிஞர் கிரிஃபித் விடை கண்டார். கண்ணாடி உடைவதற்குக் காரணம் அதன் மேற்பரப்பிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்வெடிப்புகள். கண்ணாடியை மெல்லிய இழையாக இழுக்க இழுக்கப் பெரிய வெடிப்புகளுக்கு அதில் இடமில்லாமற் போகிறது. தலைமயிரினும் பன்மடங்கு மெல்லியதாக இழுத்த புதிய கண்ணாடி இழையின் இழுவலிமை ஏறத்தாழ 3,400 மெகாபாஸ்கல். சாதாரண மென்னெஃகின் வலிமை 400 என்ற அளவினதே. மேலும் எஃகின் அடர்த்தி 7.8, கண்ணாடியின் அடர்த்தி 2.5. எனவே எடைக்கு எடை ஒப்பிட்டால் கண்ணாடி இழையின் பெருமை இன்னும் உயரும்.

ஆயினும் தனி இழை நூல்போல் துவளும், படகாக நிற்காது. தனிப் பிசினோ வலிமை குன்றியது, அடித்தால் நொறுங்கும். பிசின் இழைகளை அணைத்துப் பிடிக்கிறது. ஓர் இழைமீது விழும் சுமையை அடுத்த இழைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. ஓர் இழை அறுந்தாலும் வெடிப்பு அடுத்த இழைக்குத் தாவாமல் தடுக்கிறது.

கட்டியும் தைத்தும் ஓட்டிய கலங்கள்

இப்புதிய பொருள் வருமுன் இக்கரையில் எவ்வகைக் கலங்கள் ஓடின என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். சோழமண்டலக் கரையின் தனிச்சிறப்பு கட்டுமரம். செதுக்கிய மரங்கள் சிலவற்றைக் கயிற்றால் இறுகக் கட்டிக் கடலில் தள்ளுவர். அலை மேலே புரண்டாலும் கட்டுமரம் மூழ்காது. மூழ்குவதற்கு அதில் குடைவு இல்லை. கரை சேர்ந்ததும் கட்டை அவிழ்த்து, மரங்களைத் தனித்தனியே மணலில் உலர்த்துவர். ஒரு மரம் பழுதுபட்டால் அதனை மட்டும் மாற்றினால் போதும். இச்சொல்லே ஆங்கிலத்திலும் பிற மொழிகளிலும் புகுந்து உலகச் சொல் ஆயிற்று.

அதே கரையில் மசுலாப் படகு என ஒன்றும் இருந்தது. பலகைகளை ஆணி அறையாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்து ஆக்கிய படகு அது. சென்னையில் துறைமுகம் அமையுமுன், நடுக்கடலில் நின்ற கப்பல்களிலிருந்து மக்களையும் பொருள்களையும் கரையலை கடத்திக் கொணர்ந்தவை இப்படகுகளே. அலை மோதும்போது தையல் நெகிழ்ந்து கொடுத்தமையால் பலகை பிளக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டில் மஅபர் எனப்பட்ட நம் தமிழ்க்கரைக்கு வந்து தங்கிய பயணி இப்னு பதூதா, இந்தியாவிலும் ஏமனிலும் கலங்கள் நார்க்கயிற்றால் தைக்கப்படுவதையும், இரும்பாணி அறைந்த கலம் பாறையில் மோதினால் உடையும், தைத்த கலம் நெகிழ்ந்து தப்பும் என்பதையும் தம் நூலில் குறித்துள்ளார். மரைக்காயர் என்னும் பெயரையே மரக்கலத்தோடு இயைத்துக் கூறுவோர் உளர். கலம் கட்டுவதும் செலுத்துவதும் இக்கரையின் எல்லாச் சமுதாயத்தார்க்கும் பொதுவான கல்வியாக இருந்தது.

இக்கலங்களில் ஒரு பொதுப்பண்பு இருப்பதைக் காணலாம். அவற்றின் வலிமை கட்டில் இருந்தது. அக்கட்டு அவிழ்க்கத் தக்கதாகவும் இருந்தது.

மரத்திலிருந்து இழைக்கு

மரக்கலம் மறைந்ததற்குக் காரணங்கள் பல. நல்ல மரம் அருகியது, விலை ஏறியது. கடற்புழு மரத்தைத் துளைத்தது. நீர் ஊறிய கட்டுமரம் கனத்தது. வெளிப்பொருத்து இயந்திரம் வந்தபின் அதனைத் தாங்கும் விரைவான, இலேசான கலம் தேவைப்பட்டது. 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்கக்கடல் மீன்வளத் திட்டத்தினர், துறைமுகம் இல்லாத மணற்கரையிலேயே ஏற்றி இறக்கத்தக்க படகுகளை 1980களில் வடிவமைத்துச் சோதித்தனர். அக்காலத்திலேயே குமரிக் கரையில் ஒட்டுப்பலகைப் படகுகளும் பரவலாயின.

2004 திசம்பர் 26-ஆம் நாள் வந்த ஆழிப்பேரலை இம்மாற்றத்தை ஒரே ஆண்டில் முடித்துவைத்தது எனலாம். கலங்களை இழந்த மீனவர்க்கு அரசும் தொண்டு நிறுவனங்களும் வழங்கிய படகுகளுள் பெரும்பாலானவை ஃபைபர் படகுகளே. தேவை பெருகவே, கரையெங்கும் படகு கட்டும் கொட்டகைகள் தோன்றின. விரைவில் கட்டியவற்றுள் சில தரம் குன்றியிருந்தன என்னும் கவலையும் உடன் எழுந்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு இத்தகைய படகு கட்டுவோர்க்குப் பயிற்சிக் கையேடே வெளியிட வேண்டியதாயிற்று.

படகு கட்டும் முறை காண எளிது. அச்சின் உட்புறத்தில் மெழுகு தடவி, முதலில் 'ஜெல்கோட்' என்னும் மேற்பூச்சுப் பிசினைப் பூசுவர். அதன்மேல் கண்ணாடி இழைப் பாயை விரித்து, இறுகச் செய்யும் வினையூக்கி சிறிதளவு கலந்த பிசினைத் தூரிகையால் ஊட்டுவர். உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றுவர். இவ்வாறு படலத்தின்மேல் படலம் ஏறும். பிசின் தானே சூடாகி இறுகும். ஆனால் எளிமையில்தான் இடர் உளது. வினையூக்கி குறைந்தால் பிசின் முழுதும் இறுகாது. மிகுந்தால் சூடு மிகுந்து வெடிக்கும். குமிழி தங்கினால் அங்கே நீர் தங்கும். இழை நனையாமல் வெண்மையாக நின்ற இடம், கட்டப்படாத கட்டுமரம் போன்றது. கட்டுவோர் மூக்கில் ஏறும் ஸ்டைரீன் ஆவியும், தேய்க்கும்போது பறக்கும் கண்ணாடித் தூசும் உடலுக்குக் கேடு. காற்றோட்டமும் முகக்கவசமும் ஆடம்பரங்கள் அல்ல, அத்தொழிலாளியின் உரிமைகள்.

வலிமை எங்கே இருக்கிறது?

இனி ஆராய்ச்சியின் நடுவிடத்துக்கு வருவோம். கூட்டுப்பொருளின் வலிமை இழையில் மட்டும் இல்லை. பிசினில் மட்டும் இல்லை. இரண்டும் சந்திக்கும் எல்லையில் இருக்கிறது. அவ்வெல்லை பற்றிக்கொண்டால் சுமை இழைக்கு ஏறும். வழுக்கினால் இழை இருந்தும் பயனில்லை. கண்ணாடி நீரை விரும்பும்; பிசின் நீரை வெறுக்கும். இயல்பில் பொருந்தாத இவ்விரண்டையும் இணைக்க, ஒரு கை கண்ணாடியையும் மறு கை பிசினையும் பற்றத்தக்க 'சிலேன்' என்னும் இணைப்பு மூலக்கூறுகளை இழையின்மேல் பூசுகின்றனர்.

கடலில் இவ்வெல்லையே முதலில் சோதிக்கப்படுகிறது. பிசின் நீர்புகாப் பொருள் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் நீர் மூலக்கூறுகள் அதனுள் மெல்ல மெல்ல ஊடுருவும். உள்ளே பிசினின் எச்சமாகக் கரையும் பொருள் ஏதேனும் இருந்தால் நீர் அதனைக் கரைத்துச் செறிந்த துளியாகும். மேற்பூச்சு மெல்லிய சவ்வுபோல் நிற்க, வெளியே நீர்த்த நீரும் உள்ளே செறிந்த துளியும் இருப்பதால், சவ்வூடு பரவல் தொடங்கும். உள்ளே நீர் மேலும் மேலும் புகுந்து அழுத்தம் பெருகி, படகின் தோலில் கொப்புளம் எழும். இதில் வியப்பு யாதெனில், இக்கொப்புளம் உப்புநீரைவிட நன்னீரிலேயே மிகுதி. வெளிநீரில் உப்பு இருந்தால் உள்ளும் புறமும் உள்ள செறிவு வேறுபாடு குறைகிறது. அதனால் நீர் புகும் விசையும் குறைகிறது. உப்பு எல்லாவற்றையும் அரிக்கும் என்னும் நம் பொது எண்ணத்துக்கு இது விலக்கு.

இரும்போ இதற்கு நேர்மாறானது. உப்பின் குளோரைடு கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்ய, துரு இரும்பைவிட மிகுதியான இடத்தை அடைத்துக் கான்கிரீட்டைப் பிளக்கிறது. கடலோரக் கட்டடங்களின் தூண்கள் வெடித்துக் கம்பி வெளித்தெரிவதை நாம் கண்டிருக்கிறோம். இதனால் எஃகுக் கம்பிக்கு மாற்றாகக் கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள் கம்பிகள் வந்துள்ளன. இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் இவற்றுக்கெனத் தரக்குறிப்பு வெளியிட்டது. கான்கிரீட்டின் காரத்தன்மை கண்ணாடியைத் தாக்கும் என்பதால், இங்கும் இழையைக் காப்பது பிசினும் அவ்வெல்லையுமே.

படகைப் பழுது பார்ப்போர்க்கும் இவ்வெல்லைப் பாடம் பயன்படும். இறுகிய பழைய பரப்பின்மேல் புதுப்பிசின் வேதிப்பிணைப்புக் கொள்வது அரிது. சொரசொரப்பைப் பற்றியே நிற்கும். ஆகவே பழுதுற்ற இடத்தை நன்கு தேய்த்து, உப்பும் எண்ணெயும் போகக் கழுவி, முழுவதும் உலர்ந்தபின்னரே ஒட்ட வேண்டும். ஈரத்தின்மேல் ஒட்டிய ஒட்டு, நடுக்கடலில் கைவிடும்.

நீரைப் பிரிக்கும் சவ்வு

படகில் கேடாக வந்த சவ்வூடு பரவலையே திருப்பிப் போட்டு நன்மையாக்கிய கூட்டுப்பொருளும் இக்கடற்கரைச் சாலையில் உண்டு. மரக்காணத்துக்கு வடக்கே நெம்மேலியில் 2013-இல் நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் ஆலையும், 2024-இல் பதினைந்து கோடி லிட்டர் தரும் இரண்டாம் ஆலையும் இயங்கத் தொடங்கின. அங்கே கடல்நீர் அதன் இயற்கையான சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிட மிகுந்த அழுத்தத்தில் சவ்வின்மேல் தள்ளப்படுகிறது. நீர் கடக்கிறது, உப்பு நின்றுவிடுகிறது.

இதற்குரிய முதற்சவ்வை 1960ஐ ஒட்டி அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் ஆக்கியவர்கள் சிட்னி லோப் என்பவரும், இந்தியாவிலிருந்து சென்ற சீனிவாச சௌரிராஜன் என்பவரும் ஆவர். அது செல்லுலோஸ் அசிட்டேட்டால் ஆனது. மரத்தின் பலபடியிலிருந்து பிறந்தது. இன்றைய சவ்வு மூன்று படலங்கள் கொண்ட கூட்டுப்பொருள். அடியில் பாலியெஸ்டர்த் துணி. நடுவில் நுண்துளைப் பாலிசல்போன். மேலே மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு தடிப்புள்ள பாலியமைடு. உப்பைத் தடுப்பது அம்மேற்படலமே. ஆனால் கீழுள்ளவை இன்றேல் அது ஒரு நொடியும் நில்லாது.

நம் நாட்டு ஆய்வும் பனைநாரும்

பலபடி ஆராய்ச்சி தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சாந்தப்பா பலபடி வேதியியலில் ஓர் ஆய்வுப் பரம்பரையையே உருவாக்கினார். பின்னர் அவர் மையத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநராகவும் விளங்கினார். 1968-இல் சென்னைக் கிண்டியில் தொடங்கிய பிளாஸ்டிக் பொறியியல் நிறுவனம் தொழிலறிஞர்களைப் பயிற்றுவித்தது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் இழைவலுப் பிளாஸ்டிக்குகளுக்கெனத் தனி ஆய்வு மையம் அமைந்தது. இன்று பொறியியற் கல்லூரிகள் பலவற்றில் மாணவர்கள் இயற்கை நார்களைக் கொண்டு கூட்டுப்பொருள் ஆக்கிச் சோதிக்கின்றனர்.

விழுப்புரம் மாவட்டத்தில் பனைக்குக் குறைவில்லை. பனைநாரும் தேங்காய் நாரும் கற்றாழை நாரும் கண்ணாடி இழையைவிட இலேசானவை, விலை குறைந்தவை, கையை அறுக்காதவை, மட்கக் கூடியவை. ஆனால் செல்லுலோஸ் நீரை ஈர்க்கும், ஊறினால் பருக்கும், பருத்தால் பிசினை விட்டு விலகும். நாரைக் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தால் மேலுள்ள மெழுகும் பிறவும் நீங்கி, பரப்பு சொரசொரப்பாகிப் பிசினைப் பற்றும். அந்தக் காஸ்டிக் சோடா உப்பிலிருந்து பிறந்தது என்பதை முன்னரே கண்டோம். உப்பளமும் பனந்தோப்பும் ஆய்வுக்கூடத்தில் கைகோக்கின்றன.

எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. நீரில் எப்போதும் நிற்கும் படகின் உடலுக்குப் பனைநார் இன்று கண்ணாடிக்கு ஈடாகாது. கதவு, தடுப்புப் பலகை, இருக்கை போன்ற உலர்ந்த இடங்களுக்கே அது தக்கது. எப்பொருள் எவ்விடத்துக்குரியது என்று அறிவதும் ஆராய்ச்சியின் பயனே.

அவிழாத கட்டு

இனி, தொடக்கத்தில் நினைவில் இருத்தச் சொன்ன வேறுபாட்டுக்குத் திரும்புவோம். இறுகும் பிளாஸ்டிக் மீண்டும் உருகாது. கட்டுமரம் பழுதானால் கட்டை அவிழ்த்தனர்; மரம் விறகாயிற்று; கயிறு மண்ணாயிற்று. ஃபைபர் படகு பழுதானால் என் செய்வது? உருக்க இயலாது. எரித்தால் நச்சுப்புகை எழும், கண்ணாடி எஞ்சும். புதைத்தால் அப்படியே கிடக்கும். ஆகவே கரையோரங்களில் உடைந்த படகுகள் கவிழ்ந்தபடியே கிடக்கின்றன. ஆழிப்பேரலைக்குப் பின் ஒரே காலத்தில் வந்த படகுகள் ஒரே காலத்தில் முதுமை அடைகின்றன.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பகுதியில் சுழலும் காற்றாலைகளின் இறக்கைகளும் இதே இனத்துக் கூட்டுப்பொருளே. 1986-இல் தூத்துக்குடி மாவட்டத்தில் தொடங்கிய நம் காற்றாலைப் பயணம் முதுமைக் காலத்தை எட்டியுள்ளது. பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கெனத் தமிழ்நாடு அரசு 2024-இல் ஒரு கொள்கையையே வெளியிட்டது. கழற்றப்படும் இறக்கைகள் எங்கே செல்லும் என்பது மீனவரின் வினாவோடு ஒத்த வினா.

தார்ப்பாயின் நிலை வேறு. அது உருகக்கூடியது, மறுபயன் கொள்ளத்தக்கது. ஆனால் உப்பளத்து வெயில் அதன் தொடர்களை அறுக்கிறது. சில பருவங்களில் அது நைந்து இழை இழையாக உதிர்கிறது. திரட்டினால் பொருள், திரட்டாவிட்டால் குப்பை. 2018-இல் மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்து ஆய்வாளர்கள், கடைகளில் விற்கும் கடலுப்பில் நுண்பிளாஸ்டிக் துகள்கள் இருப்பதைக் கண்டறிந்து வெளியிட்டனர். நாம் கடலில் எறிந்தது வற்றிய நீரின் வழியே நம் சோற்றுக்கே திரும்பி வருகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரியை ஒட்டிக் கரைகடந்த ஃபெஞ்சல் புயலின்போது மரக்காணத்து உப்பளங்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளம் கரையின் குப்பையைப் பாத்திக்குக் கொணரவும், பாத்தியின் குப்பையைக் கடலுக்குக் கொண்டுபோகவும் வல்லது.

ஆராய்ச்சி இங்கு வாளாவிருக்கவில்லை. ஐரோப்பாவில் பழைய இறக்கைகளை நொறுக்கிச் சிமெண்டுச் சூளைகளில் இடுகின்றனர்; பிசின் எரிபொருளாகிறது, கண்ணாடி சிமெண்டின் மூலப்பொருளோடு சேர்கிறது. இதனினும் வியப்பான வழியை 2011-இல் பிரெஞ்சு அறிஞர் லுட்விக் லீப்ளரும் அவர் குழுவினரும் காட்டினர். அவர்கள் ஆக்கிய பலபடியில் குறுக்குப் பிணைப்புகள் உண்டு; ஆதலால் அது இறுகி நிற்கும். ஆனால் சூடாக்கும்போது அப்பிணைப்புகள் ஒன்றையொன்று இடம் மாற்றிக்கொள்ளும். அதனால் வலை அறாமலேயே பொருள் உருமாறும். இதற்கு 'விட்ரிமர்' எனப் பெயரிட்டனர். கடலில் கட்டாகவும் கரையில் அவிழத்தக்கதாகவும் உள்ள பிசினைத் தேடும் பயணம் இது. மீனவர் வாங்கத்தக்க விலையில் அது இன்னும் கைக்கு வரவில்லை. ஆயினும் திசை தெளிவாகிவிட்டது.

சேம அச்சு

மரக்காணம் போன்ற ஊர்களின் உப்பை உள்நாட்டுக்குக் கொண்டு சென்றவர் உமணர். அவர்தம் வண்டியைப் பற்றிப் புறநானூற்றின் 102-ஆம் பாட்டில் ஔவையார் ஒரு செய்தி கூறுகிறார். மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியலாம் என்று கருதி, உமணர் மற்றோர் அச்சையும் வண்டியின் அடியில் கட்டிச் செல்வராம். அதற்குச் சேம அச்சு என்று பெயர். வண்டி புதிதாய் இருக்கும்போதே அது முறியும் நாளை எண்ணியவர்கள் அவர்கள்.

பலபடிக் கூட்டுப்பொருளை வெறுத்து ஒதுக்குமாறு நாம் கூறவில்லை. மரம் இல்லாத காலத்தில் மீனவரைக் கடலுக்கு அனுப்பியது அது; மழையில் கரையாமல் உப்பைக் காத்தது அது; கடல்நீரைக் குடிநீராக்கியது அது. அதன் அச்சு முறியும் நாளை எண்ணாமல் வண்டியைப் பூட்டியதே நம் குறை. படகு வழங்கும் திட்டம் எதுவாயினும், பழைய படகைத் திரும்பப் பெறும் ஏற்பாடும் அதனுள் அடங்க வேண்டும். தார்ப்பாய் விற்போர் நைந்த தார்ப்பாயை வாங்கவும் கடமைப்பட வேண்டும். படகு கட்டும் கைகளுக்கு முறையான பயிற்சியும் பாதுகாப்பும் வேண்டும்.

மாணவர்க்கு ஒன்று சொல்வோம். வலிமையான பொருளைக் கண்டுபிடிப்பது முற்பாதி. அதன் கட்டை அவிழ்க்கும் வழியைக் கண்டுபிடிப்பது பிற்பாதி. முற்பாதியைச் சென்ற நூற்றாண்டு முடித்துத் தந்துவிட்டது. பிற்பாதி உங்களுக்காகக் காத்திருக்கிறது. கட்டவும் அவிழ்க்கவும் அறிந்திருந்த கரை இது. அக்கல்வியை ஆய்வுக்கூடத்தின் மொழியில் மீண்டும் எழுதுவது நம் தலைமுறையின் கடன்.